தண்டவாளத்தைப் பெயர்க்காமல் பக்கத்தில் நடைபாதை போடுவது எப்படி

ரயில் நின்றுபோன தடம் ஒன்று ஊர் நடுவே கிடந்தால் போதும், ஊர் இரண்டு கட்சியாகிவிடும். பழைய ரயிலை மறுபடி ஓட்டலாம் என்பார்கள் சிலர். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு நடக்கவும் சைக்கிள் விடவும் பாதை போடலாம் என்பார்கள் மற்றவர்கள். அமெரிக்காவின் கிழக்கு மலைப்பகுதிகளில் இந்த வழக்கு பல ஊர்களில் உண்டு. பிட்ஸ்பர்க்கில் இருக்கும் என் மருமகன் இப்படி ஒரு குழுவில் சேர்ந்துவிட்டு, "மாமா, எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டார். தெற்கு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பிலேயே பணிக்காலத்தைக் கழித்தவன் நான். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

பத்திரத்திலிருந்து தொடங்குங்கள் மாப்பிள்ளை என்றேன். அங்கே பல இடங்களில் ரயில் கம்பெனிக்கு இருந்தது நிலத்தின் மீது பாதை உரிமை மட்டும்தான். ரயில் நின்றால் நிலம் பக்கத்துக்காரருக்குத் திரும்பிப் போகக்கூடும். தடம் சிதறாமல் இருக்க, பின்னாளில் ரயில் வரலாம் என்ற நிபந்தனையோடு அதை நடைபாதையாக வைத்துக்கொள்ள 1983-இல் சட்டத்தில் வழி செய்தார்கள். ஆனாலும் எல்லாத் தடமும் அந்தக் குடைக்குள் வராது. நியூயார்க் மாநிலத்தின் அடிராண்டாக் மலையில் டப்பர் லேக் முதல் லேக் பிளாசிட் வரை 34 மைல் தண்டவாளத்தை எடுக்க மாநில அரசு திட்டம் போட்டது. 2017-இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சில துண்டு நிலங்கள் அரசுக்குச் சொந்தமே இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். திட்டத்தைத் திருத்தி எழுதிய பிறகுதான் வேலை நடந்தது. இப்போது யுடிகாவிலிருந்து டப்பர் லேக் வரை ரயில், அதற்கு அப்பால் பாதை என்று தடத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பங்கு பிரிப்பதும் ஒரு தீர்வுதான். ஆனால் ரயிலும் பாதையும் பக்கத்துப் பக்கத்தில் போக இடமுண்டா என்று அளந்து பார்க்காமல் அந்த முடிவுக்குப் போகக் கூடாது.

அளப்பதென்றால் தடத்தின் சராசரி அகலத்தை அல்ல, மிகக் குறுகலான இடத்தை. வெட்டுப்பள்ளம் (மேட்டை வெட்டித் தடம் போட்ட இடம்), பாலம், சுரங்கம் இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு டேப்போடு போங்கள். தண்டவாள நடுக்கோட்டிலிருந்து அளந்தால், பெட்டி ஒவ்வொரு பக்கமும் ஐந்து அடிக்கு மேல் நீட்டும். வளைவில் நீளமான பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கமாகத் தள்ளும், இரு முனைகளும் வெளிப்பக்கமாகத் தள்ளும். நேர்ப்பாதையில் அளந்த கணக்கு வளைவில் செல்லாது. இதற்கு மேல் பாதைக்குப் பத்தடி அகலம் வேண்டும், நடுவில் இடைவெளியும் வேண்டும். எவ்வளவு இடைவெளி என்பதற்கு ஒரே அளவு கிடையாது. 2002-இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நடைமுறையில் இருக்கும் பாதைகளைப் பார்த்தபோது, ஏழடிக்கும் குறைவிலிருந்து நூறடி வரை கண்டது. வேகமும் ரயில்களின் எண்ணிக்கையும்தான் அதை முடிவு செய்கின்றன. வாரத்தில் சில நாள், மெதுவாக ஓடும் பாரம்பரிய ரயிலுக்குச் சரக்கு ரயிலின் இடைவெளியைக் கேட்டு அடம்பிடிப்பது, பாதையே வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

அளந்த கையோடு கம்பர்லாண்டுக்குப் போய்ப் பாருங்கள். மேரிலாந்தில் இருக்கும் அந்த ஊரிலிருந்து ஃபிராஸ்ட்பர்க் வரை சுமார் 16 மைல் தூரம், வெஸ்டர்ன் மேரிலாந்து சீனிக் ரயில்வேயின் தடமும் பிட்ஸ்பர்க் வரை 150 மைல் போகும் கிரேட் அலகேனி பாதையும் ஒன்றாக மலையேறுகின்றன. 1,200 அடிக்கு மேல் ஏற்றம். எங்கள் கணக்கில் 70-க்கு 1, அதாவது 70 அடி போனால் ஓரடி ஏறும். கல்லாறு–குன்னூர் பல்சக்கரப் பாதையின் 12-க்கு 1 பார்த்தவர்களுக்கு இது சமவெளி மாதிரிதான், ஆனால் சைக்கிள் மிதிப்பவரின் முழங்காலிடம் அதைச் சொல்ல முடியாது.

வழியில் பிரஷ் சுரங்கம் வருகிறது. 914 அடி நீளம். தண்டவாளமும் பாதையும் அதற்குள்ளே அக்கம்பக்கமாகவே போகின்றன. இடத்தை அகலப்படுத்த முடியாதபோது நேரத்தைப் பிரிக்க வேண்டும். ரயில் வரும்போது ஆட்கள் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதான். இதை அறிவிப்புப் பலகையோடு விட்டுவிடாதீர்கள். இந்த ரயில்வேயிடம் 1309 என்ற நீராவி எஞ்சின் இருக்கிறது. 1949-இல் பால்ட்வின் தொழிற்சாலையில் செய்தது, இரண்டு சக்கரத் தொகுதி கொண்ட மூட்டு எஞ்சின். அப்படிப்பட்ட எஞ்சின் மலையேறும்போது வெகு தூரத்துக்கு முன்பே காதில் கேட்டுவிடும், ஆனால் அதன் புகை சுரங்கத்துக்குள் தங்கும். ரயில் போன உடனே உள்ளே நுழையக் கூடாது. இறங்கும் ரயில் வேறு கதை. எஞ்சினுக்கு உழைப்பே இல்லை, பிரேக்கில் வழுக்கி வரும், சத்தம் குறைவு. அதே திசையில்தான் சைக்கிள்காரர்களும் வேகமாக இறங்குகிறார்கள், காதில் காற்று இரைச்சலோடு. ஆகவே இறக்கத்தில் வருகிறவர் சுரங்க வாயில் தெரிவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கும்படி எச்சரிக்கை வையுங்கள். வாயிலில் வைத்த பலகையை அவர் படிப்பதற்குள் உள்ளே போயிருப்பார்.

வேலி பற்றிக் கூட்டத்தில் நெடுநேரம் பேசுவார்கள். முழு நீளத்துக்கும் வேலி போட்டால் பணம்தான் செலவாகும். மனிதர்களுக்குக் கடந்தே ஆகவேண்டிய இடத்தில் நீங்கள் வழி விடாவிட்டால் அவர்களே ஓட்டை போட்டுக்கொள்வார்கள். நம் ஊரில் ஸ்டேஷன் மதில்களை நினைத்துப் பாருங்கள். தண்டவாளத்தில் நடப்பது ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். நடக்காமலா இருக்கிறோம்? எங்கே மக்கள் ஏற்கெனவே கடக்கிறார்களோ அங்கே முறையான கிராசிங் அமையுங்கள். வேலி அதன் இருபுறமும் கொஞ்ச தூரம் இருந்தால் போதும், மற்றபடி செங்குத்துச் சரிவிலும் பார்வை மறையும் வளைவிலும். கிராசிங்கில் பாதை தண்டவாளத்தைச் செங்கோணத்தில் வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் சைக்கிள் சக்கரம் தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் மாட்டி ஆளைத் தள்ளிவிடும். தேவையானால் பாதையைச் சற்று வளைத்துக் கொண்டுவாருங்கள். அந்த வளைவு வேகத்தையும் குறைக்கும்.

நடைபாதைக்காரர்களுக்குத் தெரியாத ஒன்று, பக்க வடிகால். தண்டவாளத்துக்கு எதிரி துருவைவிடத் தண்ணீர்தான். இடம் கிடைக்கிறது என்று வடிகாலை மூடி அதன் மேல் சுண்ணாம்புக்கல் பொடியைப் பரப்பினால், ஜல்லிக்குள் தண்ணீர் தேங்கி ஸ்லீப்பர் கட்டை மழைக்காலத்தில் ஆடத் தொடங்கும். மூடத்தான் வேண்டுமென்றால் முதலில் குழாய் பதியுங்கள். கட்டை மாற்றவும் புதர் வெட்டவும் வண்டி வரவேண்டும், அதற்குப் பாதையே சாலையாகப் பயன்படும். அந்த நாட்களில் பாதை மூடியிருக்கும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் பின்னால் சண்டை இல்லை.

இரண்டு தரப்பையும் ஒட்டவைப்பது பேச்சல்ல, டிக்கெட். கம்பர்லாண்டில் ரயிலில் சைக்கிளை ஏற்றி ஃபிராஸ்ட்பர்க்கில் இறங்கி, இறக்கம் முழுவதும் மிதிக்காமலே திரும்பி வரலாம். ஏறமுடியாத என் போன்ற கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதனால் பாதை திறக்கிறது, ரயிலுக்கும் பயணி கிடைக்கிறார். உங்கள் ஊர் ரயிலில் சைக்கிள் வைக்க ஒரு பெட்டியை ஒதுக்கும்படி தொடக்கத்திலேயே கேளுங்கள். ரயில் ஓடும் நாளும் நேரமும் பாதையின் ஒவ்வொரு நுழைவாயிலிலும் ஒட்டப்பட வேண்டும்.

கடைசியாக ஒப்பந்தம். மலைச்சரிவு இடிந்தால் யார் செலவு, விபத்துக் காப்பீடு யார் பேரில், ரயில் நிறுவனம் நொடித்துப்போனால் தண்டவாளம் எத்தனை ஆண்டு அப்படியே இருக்கும் என்ற மூன்றும் எழுத்தில் வரட்டும். மூன்றாவதை எழுத இரு தரப்பும் தயங்குவார்கள். அது எழுதப்படும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.