லூசர்ன் தீவனத்தில் என்ன மருந்து இருக்கிறது? வீட்டிலேயே பார்க்கும் முறை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஆடோ முயலோ வளர்க்கும் வீடுகளில் லூசர்ன் கட்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் குதிரை மசால் என்பது இதைத்தான். துவரை, உளுந்து, அகத்தி எல்லாம் சேர்ந்த பயறு வகைக் குடும்பம் இது, இந்தக் குடும்பத்துத் தீவனச் செடிகளில் மருந்துக் குணமுள்ள பொருட்கள் நிறைய உண்டு. அவற்றில் நுரை தரும் சப்போனின், துவர்ப்பு தரும் டானின் இரண்டையும் சமையலறைச் சாமான்களை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இங்கே காய்ச்சும் எதையும் வாயில் வைக்காதீர்கள், காரணம் கீழே வருகிறது.

படி 1: இரும்புக் கரைசல். இதற்கு இரண்டு நாள் ஆகும் என்பதால் முதலிலேயே செய்து வையுங்கள். சோப்புக் கலக்காத ஸ்டீல் வூல் ஒரு சிறு உருண்டை எடுத்து அரை கப் வெள்ளை வினிகரில் போடுங்கள். மூடியை இறுக்கக் கூடாது, ஹைட்ரஜன் வாயு வெளியேற வழி வேண்டும், அடுப்புப் பக்கமும் வைக்க வேண்டாம். பிறகு துணியில் வடிகட்டினால் சரி.

படி 2: சாறு. காய்ந்த லூசர்ன் இலையை நொறுக்கி இரண்டு ஸ்பூன் எடுத்து, ஒரு டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊற வைத்து வடிகட்டி ஆற விடுங்கள். தோட்டத்தில் துவரைச் செடி இருந்தால் அதன் இலையிலும் தனியாக ஒன்று. கூடவே ஒப்பிட்டுப் பார்க்கச் சீயக்காய்ப் பொடிச் சாறு ஒன்று, பால் விடாத கெட்டித் தேநீர் ஒன்று, வெறும் தண்ணீர் ஒன்று. இந்த மூன்றும் இல்லாமல் செய்தால் நீங்கள் பார்ப்பது என்னவென்றே தெரியாது, அதனால் சோம்பல்பட வேண்டாம்.

படி 3: நுரை. ஒரே அளவான சின்ன பாட்டில்களில் மூன்றில் ஒரு பங்கு சாறு ஊற்றி, அரை நிமிடம் நன்றாகக் குலுக்கி, கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். சீயக்காயில் நுரை அப்படியே நிற்கும், அதுவும் பயறு வகைக் கொடிதான், நம் பாட்டிமார் தலைக்குத் தேய்த்தது இந்தச் சப்போனினைத்தான். லூசர்ன் நுரையும் நின்றால் சப்போனின் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் புரதமும் கொஞ்சம் நுரைக்கும் என்பதால் அடித்துச் சொல்ல முடியாது. லூசர்ன் சப்போனின் குடலில் கொலஸ்ட்ராலைப் பிடித்துக்கொண்டு உடம்பில் ஏறாமல் தடுக்கிறது என்று விலங்குச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

படி 4: கறுப்பு. எனக்கு ரொம்பப் பிடித்த படி இது. ஒவ்வொரு சாற்றையும் வெள்ளைக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, இரும்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தேநீர் மை மாதிரி கறுத்துவிடும். மிட்லண்ட்ஸ் பக்கத்திலிருந்து வாட்டில் மரப்பட்டை கிடைத்தால் அதையும் ஊற வைத்துப் பாருங்கள், தோல் பதனிட இங்கே வாட்டில் பட்டை, தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை, இரண்டும் இதே குடும்பம், இரண்டிலும் வேலை செய்வது டானின்தான். லூசர்ன் இலையிலோ டானின் இல்லை என்றே சொல்லலாம், அதனால் நிறம் லேசாக மங்குவதோடு நின்றுவிடும். பசும் லூசர்னை அதிகம் மேய்ந்த மாட்டுக்கு வயிறு உப்புவதும் இதனால்தான்: டானின் இருந்தால் இலையின் புரதத்தைக் கட்டிப்போட்டு வயிற்றில் நுரை சேராமல் பார்த்துக்கொள்ளும்.

டானின் நிறைந்த தீவனமும் இந்த நாட்டில் உண்டு. செரிசியா லெஸ்பெடெசா என்ற செடியை ஏழைகளின் லூசர்ன் என்கிறார்கள். ஆட்டின் இரைப்பையில் ரத்தம் உறிஞ்சும் புழு ஒன்று இருக்கிறது, ஆட்டுக்காரர்களுக்கு அது பெரிய தலைவலி, சாதாரண மருந்துகள் பலவற்றுக்கு அது மசிவதும் இல்லை. செரிசியா தின்ற ஆடுகளின் சாணத்தில் அந்தப் புழுவின் முட்டை குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆட்டின் கீழ் இமையை விலக்கி, நிறம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கும் ஃபமாச்சா என்ற நிற அட்டை தென்னாப்பிரிக்காவில் உருவானதுதான். கால்நடை மருத்துவர் ஃபாஃபா மாலன் பெயரிலிருந்து வந்த பெயர் அது. இலையைக் கொடுப்பதோடு நிற்காமல் இமையையும் பாருங்கள், வெளுத்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

படி 5: கண்ணுக்குத் தெரியாதவை. இவற்றுக்கு வீட்டுச் சோதனை கிடையாது, ஆனால் குடிக்காதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் இவைதான். 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த இனிப்பு க்ளோவர் தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. செடியில் இருந்த கூமரின் என்ற பொருளைப் பூஞ்சை, ரத்தத்தை உறைய விடாத டைகூமராலாக மாற்றியிருந்தது. அதைப் பிரித்தெடுத்தது விஸ்கான்சினில் கார்ல் லிங்கின் ஆய்வகம், அங்கிருந்து வந்த, அதே போல ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் 1948 வாக்கில் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதருக்கும் மருந்தானது. நம் வீடுகளில் பெரியவர்கள் சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினும் இப்படித்தான். கலேகா என்ற பயறு வகைச் செடியின் கலேகின்தான் அதற்கு வித்து, அந்தச் செடியை அப்படியே தின்றால் ஆடு செத்துவிடும். மருந்தாக்கியது வேதியியலும் அளவும்தான்.

லூசர்னும் அப்படியே. அதில் வைட்டமின் கே அதிகம், வார்ஃபரின் சாப்பிடுபவர் லூசர்ன் பொடியோ மாத்திரையோ எடுத்தால் மருந்தின் வேலை கெடும். அதன் விதையிலும் முளையிலும் கனாவனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, லூபஸ் (நோய் எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்) உள்ளவர்கள் தொடவே கூடாது. கேப் பக்கத்துக் கேன்சர் புஷ் செடியிலும் அதே கனாவனின் உண்டு, பெயரை நம்பிக் கஷாயம் வைத்துவிடாதீர்கள்.

படி 6: சுத்தம். இரும்பு கலந்த சாற்றைத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கொட்டுங்கள், பட்ட துணியில் கறை போகாது. மீதிக் கரைசல் பாட்டிலில் பெயரும் தேதியும் எழுதிக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். நனையாத லூசர்ன் மிச்சமிருந்தால், பூஞ்சை வாடை இல்லையென்று முகர்ந்து பார்த்துவிட்டு முயலுக்குப் போடலாம்.