சிட்டி கோல்ஃப் பின் சக்கர பேரிங், வீட்டுலயே மாத்தலாம்

எங்க தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் இன்னும் நெறைய ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் கார் ஓடுது, 2009லயே தயாரிப்ப நிறுத்திட்டாங்க, ஆனா பின் சக்கரம் டேப்பர் பேரிங்ங்கறதால (கூம்பு மாதிரி சரிவான உருளை வச்சது, தனித்தனியா கழண்டு வரும்) பிரஸ் மெஷின் இல்லாமலே நம்மளே மாத்திடலாம். முன் சக்கரம் அப்படி இல்ல, அதுக்கு பிரஸ் வேணும், மொதல் தடவையே அதுல கை வைக்காதீங்க.

வேகம் ஏற ஏற ஊம்னு ஒரு சத்தமும் ஏறுதா? பேரிங் தேஞ்சிருக்கலாம், பாத்துடலாம். சமதளத்துல நிறுத்தி, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, முன் சக்கரத்துக்கு கட்டை வச்சு, ஹேண்ட்பிரேக்க எடுத்துடுங்க. சக்கர போல்ட்ட தரையில இருக்கும்போதே லேசா தளர்த்திக்கணும். அப்புறம் ஜாக்கி போட்டு தூக்கி கண்டிப்பா ஸ்டாண்டு வைங்க, செங்கல் வேண்டவே வேண்டாம்ங்க, அது நொறுங்கிடும். சக்கரத்த சுத்தினா கரகரன்னு வருதுன்னா பேரிங் போச்சு.

சக்கரத்த கழட்டி, நடுவுல இருக்குற மூடி, ஸ்ப்ளிட் பின் (நட்டு கழண்டுடாம இருக்க மடக்கி விடுற கம்பி), நட்டு, வாஷர் எல்லாத்தையும் எடுத்துட்டு பிரேக் டிரம்ம இழுங்க. வரலைன்னா போல்ட் ஓட்டை வழியா ஸ்க்ரூடிரைவர விட்டு உள்ள இருக்குற சின்ன ஆப்ப மேல தள்ளினா பிரேக் ஷூ சுருங்கி டிரம் வந்துடும். பிரேக் தூச வாயால ஊதாதீங்க.

டிரம் உள்ள இருக்குற பழைய சீல் (கிரீஸ் கசியாம தடுக்குற வளையம்), பேரிங், ரெண்டு கப்பு (பேரிங் உக்கார்ற வெளி வளையம்) எல்லாம் வெளிய. கப்ப பஞ்ச் வச்சு ஒரே பக்கம் அடிக்காம மாத்தி மாத்தி தட்டணும். புது பேரிங்குக்கு பழைய கப்பு சேராது, ஜோடியாத்தான் போடணும். புது கப்ப உள்ள தட்டுறப்போ பழைய கப்பையே மேல வச்சு அடிச்சா நேரா இறங்கும். கிரீஸ உள்ளங்கையில வச்சு பேரிங்க அதுல அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வர்ற வரைக்கும் ஏத்துங்க. ஷூல ஒரு துளி கூட படக்கூடாது.

பேரிங், புது சீல், டிரம், வாஷர், நட்டு எல்லாத்தையும் கழட்டின வரிசைக்கு எதிர் வரிசையில மாட்டுங்க, இனிமேதான் முக்கியமான இடம். நட்ட பலமா இறுக்கிடாதீங்க. டிரம்ம சுத்திக்கிட்டே இறுக்கி, அப்புறம் கொஞ்சம் தளர்த்தி, வாஷர ஸ்க்ரூடிரைவர் முனையால விரல் பலத்துல தள்ளினா லேசா நகரணும், அந்த அளவுதான். நான் மொத தடவ இறுக்கி விட்டு என்2 நெடுஞ்சாலையில போனேன், இறங்கி பாத்தா ஹப்ல (சக்கரத்தோட நடுப்பகுதி) அவ்ளோ சூடு, கை வைக்க முடியல, புது பேரிங் வீணாச்சு, அந்த வேதனை உங்களுக்கு வேணாம்.

புது ஸ்ப்ளிட் பின் போட்டு, மூடி தட்டி, சக்கரம் மாட்டி, போல்ட்ட குறுக்கும் நெடுக்குமா இறுக்குங்க. வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக் பெடல நாலஞ்சு தடவ மிதிச்சு கெட்டியாகுதான்னு பாருங்க. ஒரு பத்து நிமிஷம் ஓட்டிட்டு வந்து ஹப்ப தொட்டுப் பாருங்க, ரொம்ப சூடுன்னா நட்ட திரும்ப தளர்த்தணும்.