வயர்லெஸ் சார்ஜிங்: பேட்டரியைக் கெடுப்பது சூடுதான்

வயர்லெஸ் சார்ஜரில் வைத்தால் போன் பேட்டரி சீக்கிரம் போய்விடும் என்று பலர் சொல்வதுண்டு. வயர் இல்லாததால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. கெடுப்பது சூடு.

சார்ஜரில் ஒரு காயில் (கம்பிச் சுருள்), போனின் முதுகுப் பக்கம் ஒரு காயில். இரண்டும் நேருக்கு நேர் இருந்தால் சார்ஜ் ஒழுங்காக ஏறும். கொஞ்சம் விலகினாலும் மின்சாரத்தில் ஒரு பங்கு வெறும் சூடாகிப் போனுக்குள் இறங்கும். லித்தியம் அயன் பேட்டரிக்கு அது ஆகவே ஆகாது. அதிலும் 100 சதவீதம் நிரம்பிய பிறகு சூட்டிலேயே கிடந்தால் இன்னும் மோசம்.

பத்து நிமிடம் கழித்துப் போனின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் சரி. கை பொறுக்காத அளவு சுட்டால் போனை நடுவில் சரியாக நகர்த்தி வையுங்கள், தடித்த கவரைக் கழற்றுங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் இரும்பு ரிங்கும் வேண்டாம். ஆப்பிளின் மேக்சேஃப் போலக் காந்தம் உள்ள சார்ஜர் என்றால் இந்த நகர்த்தல் வேலையே இல்லை, தானே சரியான இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. சித்திரை மாத மதியத்தில் ஏசி இல்லாத அறை அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். அப்போது வயர்லெஸ் வேண்டாம், இரவில் வைத்துக்கொள்ளலாம். சார்ஜரில் வைத்தபடியே கேம் ஆடுவது? கூடவே கூடாது.

அப்புறம், ஐபோன் 15 முதல் செட்டிங்ஸில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் உண்டு. ராத்திரி முழுக்கச் சார்ஜரிலேயே விடுபவர்கள் முதலில் அதை ஆன் செய்யுங்கள்.