கொழும்பு நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்களுக்கு

மூன்றாம் தவணை தொடங்கினால் யாராவது ஒரு இளம் ஆசிரியர் கல்விச் சுற்றுலா அட்டவணையோடு என்னிடம் வருவார். கிளிநொச்சியோ, மாங்குளமோ, முல்லைத்தீவோ, வன்னியில் எந்தப் பள்ளிக்கூடமானாலும் அட்டவணை ஒன்றுதான்: இரவு பஸ், விடியக் காலிமுகத்திடல், பிறகு தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, பின்னேரம் நூதனசாலை, இருட்டினதும் தாமரைக் கோபுரம். நாங்கள் வேலைக்கு வந்த புதிதில் போட்டதும் கிட்டத்தட்ட இதேதான். கோபுரம்தான் அப்போது இல்லை. தண்ணீர்ப் போத்தல், வாந்திக்குளிசை, பஸ் ஏறுமுன் தலை எண்ணுவது எல்லாம் அவர்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, வழக்கமாக விடுகிற பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

கட்டடம் மாறிப் போவது

நூதனசாலை என்றதும் எல்லாரும் அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடத்துக்குள் போய்விடுகிறார்கள். அது ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1877 இல் திறந்த தேசிய நூதனசாலை. கண்டி அரசனுக்கு ஒல்லாந்தர் 1693 இல் கொடுத்த சிம்மாசனம், சிலைகள், நாணயங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. நல்ல இடம்தான். ஆனால் விலங்கு, பறவை, பாறை, தாவரம் பார்க்க வேண்டுமானால் பக்கத்திலேயே தனிக் கட்டடத்தில் இருக்கும் இயற்கை வரலாற்று நூதனசாலைக்குப் போக வேண்டும். அது 1986 இல் திறந்தது. ரிக்கெற் எடுக்கும் இடத்திலேயே எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேட்டு எடுங்கள்.

விஞ்ஞானச் சுற்றுலா போய்வந்த ஒரு வகுப்பில், மரையின் கொம்பைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அங்க மரை இல்ல சேர், ராசாவின்ர கதிரைதான் இருந்தது" என்றார்கள்.

மிருகக்காட்சிச்சாலைக்குப் பிறகு போவது

இரவு முழுக்க பஸ்ஸில் ஆடிக்கொண்டு வந்த பிள்ளை, காலை முழுக்க தெஹிவளை வெயிலில் நடந்துவிட்டு, பின்னேரம் மூன்று மணிக்கு அசையாத விலங்குகளுக்கு முன்னால் நின்றால் என்ன செய்யும்? சுவரோடு சாய்ந்து தூங்கும். காலையில் திறந்தவுடன் நூதனசாலைக்குள் போங்கள். இரண்டு மணித்தியாலம் போதும். எலும்பைப் பார்த்துவிட்டுப் போனால் மிருகக்காட்சிச்சாலையிலும் பிள்ளைகள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

போயா நாள்

அரச விடுமுறை. நாட்காட்டியைப் பாருங்கள்.

பலகையைப் பார்த்து எழுத வைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். மண்டபத்துக்குள் நுழைந்ததும் பொறுப்பாசிரியர் கையைத் தட்டுவார். "எல்லாரும் கொப்பியை எடுங்கோ, ஒண்டும் விடாம எழுதுங்கோ, திங்கட்கிழமை அறிக்கை தரவேணும்." அவ்வளவுதான், எல்லாத் தலைகளும் குனிந்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் சிறுத்தை நிற்கும். பிள்ளையின் கண் அதன் காலடியில் இருக்கிற பலகையில் இருக்கும். பின்னால் நிற்கிறவனுக்குப் பலகை தெரியாது, அதனால் முன்னால் நிற்கிறவனின் கொப்பியைப் பார்த்து எழுதுவான். அவனைப் பார்த்து இன்னொருத்தி எழுதுவாள். விஞ்ஞானப் பெயர் கைமாறிக் கைமாறி பஸ்ஸுக்கு வந்து சேரும்போது அது எந்த விலங்கின் பெயரும் இல்லை.

செலவைப் பாருங்கள். கிளிநொச்சியில் இருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். அந்தப் பயணக்காசு ஒரு வீட்டில் நெல் விற்ற காசு, இன்னொரு வீட்டில் கச்சான் விற்ற காசு, வேறொரு வீட்டில் தாய் சீட்டுக்காசில் இருந்து எடுத்துக் கொடுத்தது. அவ்வளவையும் கொடுத்துப் பிள்ளை கொண்டு வருவது, பள்ளிக்கூட நூலகத்தில் இருந்து எழுதியிருக்கக்கூடிய ஒரு பெயர்ப் பட்டியல்!

ஒருமுறை திரும்பி வரும்போது, புத்தளம் தாண்டி, பக்கத்தில் இருந்த பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். முத்து முத்தான எழுத்து, மூன்று பக்கம். "யானைக்கு மண்டையோட்டில மூக்கோட்டை எங்க இருக்கு?" என்று கேட்டேன். முழித்தாள். அவளுடைய தகப்பன் மாதக்கணக்காக யானை வெடியோடு வயற்காவல் இருக்கிறவர். யானை பற்றி அந்த பஸ்ஸில் அவளுக்குத் தெரிந்த அளவு எனக்கே தெரியாது. ஆனால் யானையின் தலையோட்டுக்கு முன்னால் நின்ற நேரம் முழுக்க அவள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். பின் ஆசனத்தில் இருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்து, "நெத்தியில சேர், கண் மாதிரி ஒரு பெரிய ஓட்டை" என்றான். "பல்லு, கொத்தின அம்மி மாதிரி வரி வரியா இருந்தது." அவன் போகும்போதே பேனையைத் தொலைத்தவன். எழுதாததற்காக மண்டபத்தில் ஏச்சும் வாங்கியிருந்தான்.

அவன் சொன்ன அந்த வரியில்தான் முழுப் பாடமும் இருக்கிறது. யானையின் கடைவாய்ப்பல் புல்லையும் பட்டையையும் அரைத்து அரைத்துத் தேய்கிறது. தேயத் தேயப் பின்னாலிருந்து புதுப்பல் முன்னுக்கு நகர்ந்து வரும். ஆயுளில் ஆறு தொகுதிதான். கடைசித் தொகுதியும் தேய்ந்தால் கிழட்டு யானையால் சரியாகச் சாப்பிட முடியாது. இதை ஒரு பிள்ளைக்கு, அந்த வரிகளைக் கண்ணால் பார்த்த பிறகு சொல்லிப் பாருங்கள். ஊரில் குளக்கரையில் மெலிந்து நிற்கிற கிழட்டு அலியனை அடுத்தமுறை காணும்போது அதன் வாயை நினைக்கும்.

சரி, எழுத வைக்காமல் என்ன செய்வது? எல்லாவற்றையும் பார்க்கும் ஆசையை முதலில் விடுங்கள். லண்டனில் இருக்கிற இயற்கை வரலாற்று நூதனசாலையின் சேகரிப்பில் 8 கோடி மாதிரிகள். அதில் காட்சிக்கு வைத்திருப்பதே சிறு பங்கு. வைத்திருக்கிறவர்களே எல்லாவற்றையும் காட்டவில்லை. கொழும்பில் வன்னிப் பிள்ளைக்குத் தெரிந்த நாலைந்து விலங்குகள் போதும். ஒரே ஒரு கேள்வியைக் கையில் கொடுங்கள். நான் கொடுப்பது பல்.

கரடியை எடுங்கள். பாலைப்பழக் காலத்தில் எந்தக் காட்டுப்பாதையில் போகக்கூடாது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதன் மேல்தாடையில் முன்பற்கள் நடுவில் இரண்டு இல்லை. விழுந்துபோனதென்று பிள்ளைகள் நினைப்பார்கள். அந்த இடைவெளியால்தான் கரடி கறையானைப் புற்றில் இருந்து உறிஞ்சி எடுக்கிறது. அழுங்கும் கறையானும் எறும்பும் தின்கிறதுதான், அதற்குப் பல்லே கிடையாது; நாக்கு எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும். முதலையின் வாய் மூடியிருந்தாலும் கீழ்த்தாடையின் நாலாவது பல் வெளியே தெரியும். மரையின் கொம்பு வருடந்தோறும் விழுந்து முளைப்பது, எருமையின் கொம்பு விழாதது. இது பல்லில்லை, தெரியும். ஆனால் பல்லில் தொடங்கிய பிள்ளை கொம்புக்குத் தானாகவே வந்துவிடும்.

இருவர் இருவராக விடுங்கள். ஒரு சோடிக்கு ஒரு மண்டையோடு, ஒரு பென்சில், ஒரு வெள்ளைத்தாள். கால் மணித்தியாலம் அந்த ஒன்றை மட்டும் வரையட்டும். படம் கோணினால் பரவாயில்லை. வரைகிறவன் பார்த்தே ஆக வேண்டும், தப்ப வழியில்லை. பலகையைக் கடைசியில் வாசிக்கலாம். பெயர்கள் தேவையென்றால் ஒரு ஆசிரியர் போனில் படம் எடுத்துக்கொண்டால் முடிந்தது.

நிறத்தை நம்புவது

பாடம் செய்த பறவையின் கண் கண்ணாடி. அலகும் காலும் உயிர் போனதும் நிறம் மங்கும். போத்தலில் திரவத்தில் கிடக்கிற மீனும் அப்படித்தான். சுண்டிக்குளத்தில் பூநாரைக் கூட்டத்தைப் பார்த்த பிள்ளை, கண்ணாடிக்குள் வெளிறி நிற்கிற ஒன்றைப் பார்த்து "இது வேற சாதி" என்று வாதாடும். பூநாரையின் சிவப்பு அது தின்கிற தீனியில் இருந்து சிறகுக்கு வருவது என்று சொல்லி, உயிருள்ளதைப் பார்த்தவர்களை மற்றவர்களுக்கு விளக்கச் சொல்லுங்கள்.

உண்மையான எலும்பா என்று கேட்காமல் வருவது

லண்டனில் இருக்கிற சித்தப்பா, மாமி பிள்ளைகள் வட்ஸப்பில் அனுப்புகிற படங்களால் வருகிற குழப்பம் இது. லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையின் பெரிய மண்டபத்தில் நெடுங்காலம் நின்ற டிப்ளோடோகஸ் என்ற டைனோசர் சாந்தில் வார்த்த வார்ப்பு. 1905 இல் முதலில் அந்த நூதனசாலைக்குள் வைத்தார்கள். 2017 இல் அதன் இடத்தில் தொங்கவிட்ட நீலத்திமிங்கிலம் உண்மையான எலும்பு. 1891 இல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கியது, 25.2 மீற்றர் நீளம். வார்ப்பு என்றால் மதிப்பில்லை என்று இல்லை. ஆனால் எது எது என்று கேட்கிற பழக்கம் பிள்ளைக்கு வர வேண்டும், கொழும்பிலும்.

டைனோசர் எங்கே

பஸ் கிளம்புமுன் சொல்லிவிடுங்கள்: இலங்கையின் பெரும்பகுதி டைனோசருக்கு வெகுகாலம் முந்திய பாறை. அதற்குள் அதன் எலும்பைத் தேடிப் பயனில்லை. சொல்லாமல் கூட்டிப்போனால் நுழைந்த நேரத்தில் இருந்து திரும்பும் வரைக்கும் ஒரே கேள்விதான்.

அதற்குப் பதிலாகச் சொல்ல நம்மிடம் நல்ல கதை இருக்கிறது. இரத்தினபுரிப் பக்கத்தில் மாணிக்கம் தோண்டிய மண்ணில் நீர்யானை, காண்டாமிருகம் இவற்றின் எலும்புகள் கிடைத்தன. குருவிட்டயில் கிடைத்த பற்களை வைத்து, இந்தத் தீவில் சிங்கம் வாழ்ந்தது என்று விலங்கியலாளர் பி. ஈ. பி. தெரணியகல 1939 இல் எழுதினார். ஒரு சிங்க இனத்துக்கே சாட்சி பல்தான். அவருடைய மகன், தொல்பொருளியலாளர் சிரான் தெரணியகல, தெற்கே புந்தலக் கரையில் கற்காலக் கருவிகள் கிடைத்த படிவைச் சுமார் 125,000 வருடப் பழமை என்றார். அந்தப் படிவுக்குப் புவியியலில் வழங்கும் பெயர் இரணைமடு. ஆம், நம்முடைய இரணைமடுதான். கிளிநொச்சிப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் பஸ்ஸில் ஒரு சத்தம் எழும்பும், காது கவனம்.

கண்ணாடியில் பிளாஷ் அடிப்பது

வேண்டாம்.

"அப்ப அறிக்கைக்கு என்ன செய்யிறது?"

எல்லா இளம் ஆசிரியர்களும் கடைசியில் கேட்கிற கேள்வி. பிள்ளைகள் வரைந்த தாள்களைச் சேர்த்து ஸ்ரேப்ளர் அடியுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அந்தச் சோடி தன் சொந்த வசனத்தில் இரண்டு வரி எழுதட்டும்: என்ன பார்த்தோம், ஊரில் இதை எங்கே கண்டிருக்கிறோம். முன்பக்கத்தில் திகதி, வகுப்பு, அதிபரின் கையொப்பம். எனக்குத் தெரிந்து எந்த அலுவலகமும் அதைத் திருப்பி அனுப்பியதில்லை.