'லீவ்' என்ற சொல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்து ஹட்டனில் ஓ.எல். (பதினோராம் வகுப்பின் பொதுப் பரீட்சை) எழுதி முடித்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பாதிப் பேர் சில மாதங்களில் கொழும்புக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். போன வாரம், முதலாளியிடம் லீவு கேட்டு நாலு வரி எழுதச் சொன்னேன். 12 பேரில் 7 பேர், நான் 19 வயதில் எழுதிய அதே வரியை எழுதியிருந்தார்கள். எழுத்துப்பிழை வாசிக்க வாசிக்கத் தானாகத் திருந்தும். இது அப்படித் திருந்தாது.

லீவு கேட்கப் போய் வேலையை விடுவது

"ஐ ஆம் லீவிங் ஃப்ரம் ஃப்ரைடே." இதுதான் அந்த வரி. வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்கு லீவு என்று சொல்வதாக நினைத்தேன்.

அப்போது கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். தீபாவளிக்கு ஊருக்கு வரும் அவசரம். முதலாளிக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகுறை. அதனால் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, சம்பளத்தைக் கணக்குப் பார்த்து அன்றே கையில் கொடுத்தார். பண்டிகைக்கு முன்கூட்டியே தருகிறார் என்று சந்தோஷமாக பஸ் ஏறினேன். ஐந்து நாள் கழித்துப் போனால் என் மேசையில் வேறொரு பையன். என் கடிதத்தையே எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் மேல் பிழை இல்லை; எழுதியிருந்தது அதுதான். அடுத்த மூன்று மாதமும் அம்மா கொழுந்து பறித்த காசில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

தமிழில் 'விடு' என்ற ஒரே வேரிலிருந்துதான் விடுப்பும் வருகிறது, விட்டுப் போவதும் வருகிறது. ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு வேர்ச்சொற்கள், ஒலி மட்டும் ஒன்றாகிவிட்டது. நாம் கேட்கும் லீவு, 'அனுமதி' என்ற பொருளுள்ள ஒரு பழைய சொல். அது பெயர்ச்சொல்லாகவே நிற்க வேண்டும். வாலில் 'இங்' ஒட்டினால் 'விட்டுப் போகிறேன்' ஆகிவிடும்.

சரி, எப்படி எழுதுவது? "ஐ வில் பி ஆன் லீவ் ஃப்ரம் ஃப்ரைடே டு டியூஸ்டே." அப்புறம், திரும்பி வரும் நாளையும் கட்டாயம் எழுதுங்கள்: "ஐ வில் பி பேக் ஆன் வெட்னஸ்டே." திரும்பும் நாள் இருந்தால் வேலையை விடுகிறான் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

போயா 'லீவ்' அல்ல

நாம் கேட்டு யாரோ தருவது லீவ். போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, நாட்டுக்கே பொது, அது ஹாலிடே. "டுமாரோ இஸ் லீவ்" என்று சொல்லாதீர்கள்.

'ஃபார்' விட்டுப்போனால் திசை மாறும்

"லீவ் கொழும்பு" என்றால் கொழும்பிலிருந்து புறப்படுவது. "லீவ் ஃபார் கொழும்பு" என்றால் கொழும்புக்குப் புறப்படுவது. இன்டர்வியூ அன்று போனில் இதை மாற்றிச் சொன்னால், நீங்கள் ஹட்டன் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது, வந்துவிட்டுத் திரும்புகிறீர்கள் என்று அங்கே நினைப்பார்கள்.

லிவ், லீவ்

குறில் என்றால் வசிப்பது, நெடில் என்றால் புறப்படுவது.