வீட்டுக்கு ஒன்று, காருக்கு ஒன்று: முதலுதவிப் பெட்டி தயாரிக்கும் முறை

முதலுதவிப் பெட்டி தயாரிக்க முற்படுபவர்களில் பலர், ஒரே பட்டியலைக் கொண்டு இரண்டு பெட்டிகளை நிரப்பி, ஒன்றை அலமாரியிலும் மற்றொன்றைக் காரிலும் வைத்துவிடுகிறார்கள். வெயிலில் நிறுத்திய காரின் உட்புற வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். மாத்திரை அட்டைகளிலோ பெரும்பாலும் 25 அல்லது 30 டிகிரிக்குக் கீழே வைக்கும்படி அச்சிடப்பட்டிருக்கும். ஆகவே இரண்டு பெட்டிகளையும் தனித்தனியாகத் திட்டமிட வேண்டும்.

முதல் படி: பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

தூசியும் ஈரமும் புகாத, ஒரு கையால் திறக்கக்கூடிய பெட்டியாகப் பாருங்கள். மற்றொரு கை அப்போது காயத்தை அழுத்திக்கொண்டிருக்கும்.

இரண்டாம் படி: காயத்துக்கான பொருட்கள்

பெட்டியின் பெரும்பகுதி இவற்றுக்கே உரியது. கிருமி நீக்கப்பட்டு, தனித்தனி உறைகளில் வரும் 10 செ.மீ. சதுர காஸ் துணிகள் (காயத்தின் மேல் வைக்கும் மெல்லிய வலைத்துணி) பத்து, 5 செ.மீ. மற்றும் 10 செ.மீ. அகலமுள்ள கட்டுத்துணிச் சுருள்கள், பல அளவுகளில் ஒட்டும் பிளாஸ்டர்கள், காஸை நிலைநிறுத்தும் ஒட்டு நாடா, சுளுக்குக்கான கிரேப் பேண்டேஜ், கையைத் தூளி கட்டித் தாங்குவதற்கான முக்கோணத் துணி, முனை மழுங்கிய கத்தரிக்கோல், சாமணம், நைட்ரைல் கையுறைகள் இரண்டு ஜோடி ஆகியவற்றைச் சேருங்கள். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) கையுறை சிலருக்கு ஒவ்வாமை தரும் என்பதால் நைட்ரைலே நல்லது. பஞ்சைத் திறந்த காயத்தின் மேல் நேரடியாக வைக்கக் கூடாது. அதன் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

இரத்தம் வழியும்போது காஸை வைத்து, குறைந்தது 10 நிமிடங்கள் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய இரத்தம் மீண்டும் வழியும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து அழுத்துவதே வழக்கமான முறை. இதற்காகத்தான் பத்து காஸ் துணிகள் தேவைப்படுகின்றன. சிறு காயங்களைக் கழுவ ஓடும் சுத்தமான நீர் போதுமானது. கிருமிநாசினியான போவிடோன் அயோடின் ஒரு சிறு புட்டி வைத்திருக்கலாம், ஆனால் அது நீருக்கு மாற்றாகாது.

தீக்காயத்துக்கு விலையுயர்ந்த களிம்பு எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. குழாய் நீரை 20 நிமிடங்கள் அதன் மேல் ஓடவிடுவதே முதல் சிகிச்சை. பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய் ஆகியவை தீங்கையே செய்யும்.

மூன்றாம் படி: வீட்டுப் பெட்டிக்கான மருந்துகள்

வெப்பமானி, பாராசிட்டமால், ஒவ்வாமைக்கு மருத்துவர் சொன்ன மாத்திரை, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் ஆகியவை போதும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரே டம்ளர் நீரில் கரைப்பது பரவலான தவறு; உப்பின் செறிவு கூடி அது உடலுக்குக் கேடாகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள். ஆஸ்பிரினை 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் தரக் கூடாது என்பதால், அதையும் வைப்பதாக இருந்தால் தனி உறையில் குறிப்பு எழுதி வையுங்கள்.

குளியலறையின் ஈரமும் அடுப்பங்கரையின் சூடும் மருந்தைக் கெடுக்கும். குழந்தைகளுக்கு எட்டாத, பெரியவர்கள் அனைவருக்கும் தெரிந்த உலர்ந்த இடத்தில் பெட்டியை வையுங்கள்.

நான்காம் படி: கார்ப் பெட்டி

இதில் மாத்திரைகளும் களிம்புகளும் வேண்டாம். அவற்றைப் பயணத்தின்போது கைப்பையில் எடுத்துச் செல்லலாம். சாலை விபத்தில் பெருமளவு இரத்தம் வெளியேறலாம் என்பதால், வீட்டைவிட இங்கே காஸும் கட்டுத்துணியும் கூடுதலாக இருக்கட்டும். அவற்றுடன் டார்ச் விளக்கு, ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி, அவசரக் காலத்தில் உடல் சூட்டைக் காக்கப் போர்த்தும் மெல்லிய உலோகப் படலப் போர்வை, காயம் கழுவ மூடி திறக்காத ஒரு தண்ணீர்ப் புட்டி ஆகியவற்றைச் சேருங்கள். பின்னாலிருந்து வாகனம் மோதினால் டிக்கி திறக்காமல் போகலாம். எனவே பெட்டி முன்னிருக்கையின் அடியில் அசையாதபடி இருக்க வேண்டும். மேலங்கியைக் காரைவிட்டு இறங்கும் முன்பே அணிய வேண்டும்.

ஐந்தாம் படி: சரிபார்த்தல்

மூடியின் உட்புறத்தில் பொருட்களின் பட்டியலையும், காலாவதித் தேதிகளையும், உங்கள் பகுதியின் அவசர உதவி எண்ணையும், வீட்டில் யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பதையும் எழுதி ஒட்டுங்கள். வீட்டுப் பெட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். கார்ப் பெட்டியில் வெப்பத்தால் பிளாஸ்டரின் பசை விரைவில் வலுவிழக்கும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்றை உரித்துத் தோலில் ஒட்டிப் பாருங்கள். ஒருமுறை எங்கள் வீட்டில் கட்டுத்துணியை வெட்ட முயன்றபோது கத்தரிக்கோல் இல்லை. யாரோ வேறு வேலைக்கு எடுத்துச் சென்றிருந்தார்கள். அன்றிலிருந்து அதை ஒரு நீண்ட கயிற்றால் பெட்டியோடு கட்டி வைத்திருக்கிறேன்.