ஷட்டில் பேட் எவ்வளவு வளையும்? கையாலேயே பார்க்கலாம்

சென்னை பெரியமேட்டுக் கடைகளுக்கு ஷட்டில் பேட் வாங்கப் போகும்போதெல்லாம் என் பழைய பேட்டையும் எடுத்துப் போவேன். ஒப்பிட ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் கைக்கு எதுவும் புரியாது.

கைப்பிடியை ஒரு கையால் இறுக்கிப் பிடியுங்கள். மறு கையால் தலையின் உச்சியைப் பிடித்து, நரம்புப் பரப்புக்குச் செங்குத்தாக மெதுவாகத் தள்ளுங்கள். வளைய வேண்டியது கைப்பிடிக்கும் தலைக்கும் நடுவிலுள்ள தண்டு, நரம்பைச் சுற்றியுள்ள சட்டத்தை நசுக்காதீர்கள். லேசாகத் தள்ளியதுமே வில்லாக வளைந்தால் இளக்கம். கையை எதிர்த்து நின்றால் விறைப்பு. அதே பலத்தில் பழையதையும் தள்ளிப் பாருங்கள். தண்டில் எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும்.

வேகமாக வீசுபவருக்கு விறைப்பு சரி. புதிதாக ஆடுபவருக்கு இளக்கமே நல்லது. என் மகளுக்கு முதலில் விறைப்பானதை வாங்கினேன்; பாவம், எவ்வளவு ஓங்கி அடித்தும் ஷட்டில் பின்கோட்டை எட்டவில்லை.